தேரிக்காட்டில் நான்கு குரல்

தொழில்முறைப் பாடகர் அல்லாதவர்கள் வாரம் ஒருமுறை கூடி, பல நாட்டு நாட்டார் பாடல்களைக் குரல் குரலாகப் பிரித்துப் பாடும் குழுக்கள் இப்போது உலகின் பெருநகரங்களில் பெருகிவிட்டன. மாலையில் வேலை முடிந்து வரும் ஆசிரியரும் வங்கி ஊழியரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஜார்ஜிய உழவர் பாட்டைப் பாடுகிறார்கள், அடுத்து ஜூலு மொழிப் பாட்டை எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதைக் கேள்விப்படுகிறவருக்கு இது நமக்கு ஒட்டாத மேல்நாட்டுப் பழக்கம் என்றுதான் தோன்றும். நம் பாட்டு ஒற்றைக் குரல் பாட்டு, நம் காதுக்கு ஹார்மனி பழக்கமில்லை என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவோம். ஆனால் சாத்தான்குளத்திலிருந்து ஒரு நாள் நடைத் தூரத்துக்குள் முதலூர், மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி என்று ஊர்கள் இருக்கின்றன. செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த இந்த ஊர்களில், கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஜெர்மன் மெட்டையும் ஆங்கில மெட்டையும் நான்கு குரலில் பாடி வந்திருக்கிறார்கள். ஆகவே காது பழகவில்லை என்பது இந்த வட்டாரத்தில் செல்லாது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, அந்த நான்கு குரல் பக்கத்துத் தெருவின் வில்லுப்பாட்டையும் கும்மியையும் ஏன் தொடவில்லை என்பதுதான். அதற்கான விடை இசை இலக்கணத்தில் இல்லை, யார் பாட்டுக்கு மதிப்பு என்ற கணக்கில் இருக்கிறது.

வேற்று மொழியில் கூடிப் பாடுவது இந்த வட்டாரத்துக்குப் புரோட்டஸ்டண்ட் மிஷனரிகள் வந்த பிறகு வாய்த்தது அல்ல. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது முதலில் இறங்கியது மணப்பாட்டுக் கரையில். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழில் உரக்கச் சொல்ல வைத்ததை அவரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். அந்தக் கரையில் லத்தீன் வழிபாடு நானூறு ஆண்டு நீடித்தது. வடக்கே காயல்பட்டினத்தில் சதக்கத்துல்லாஹ் அப்பா 17-ஆம் நூற்றாண்டிலேயே அரபியில் பா இயற்றினார். பைத்து ஓதும் கூட்டம் அவ்வூரில் இன்றும் உண்டு. தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரியில் திருவாய்மொழியைக் கோஷ்டியாகச் சேவிக்கும் வழக்கமோ இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. கூட்டமாகப் பாடுவதும், புரியாத மொழியை மனப்பாடமாக நாவில் ஏற்றிக்கொள்வதும் இந்தப் பக்கத்தாருக்குப் பழகிய காரியம். ஆனால் இவை அத்தனையிலும் எத்தனை பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான். ஆண் கீழ் ஸ்தாயியிலும் பெண் மேல் ஸ்தாயியிலும் பாடுவார்கள், அவ்வளவே.

குரல் பிரிந்தது மிஷன் ஊர்களில். தஞ்சை மிஷனிலிருந்து வந்த சத்தியநாதனும், சாத்தான்குளம் வட்டாரத்துக்காரரான தாவீது சுந்தரானந்தமும் சேர்ந்து புதுக் கிறிஸ்தவர்களுக்கென்று 1799இல் ஏற்படுத்திய குடியிருப்பு முதலூர். (இன்று வெளியூர்க்காரர்களுக்கு அது மஸ்கோத் அல்வா ஊர்.) தரங்கம்பாடி வழியாக வந்த ஜெர்மன் ஞானப்பாட்டுகள் அதற்கு முன்பே தமிழில் இருந்தன. ஃபெப்ரீஷியஸ் போன்றவர்கள் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அசையை எண்ணிச் சொல்லைப் பொருத்தியிருந்தார்கள். பிறகு சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரு மிஷனரிச் சங்கங்களின் பள்ளிக்கூடங்களும் போதனாமுறைப் பாடசாலைகளும் வந்தன. ஆசிரியப் பயிற்சி பெற்றவரே பல ஊர்களில் உபதேசியார், அவரே பாடகர் குழுவுக்கும் தலைவர். இவர்கள் கைக்கு வந்த கருவி டானிக் சோல்ஃபா. நாரிச் நகரத்துப் பெண் ஆசிரியர் சாரா குளோவர் உருவாக்கிய முறை அது. ஜான் கர்வன் அதைச் செப்பனிட்டு, பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் போகும்படி செய்தார். ஐந்து கோட்டில் குமிழ் போடுவதற்குப் பதிலாக டோ, ரே, மி என்பவற்றின் முதலெழுத்துகளை மட்டும் வரிசையாக எழுதும் முறை. டோ எந்தச் சுருதியிலும் நிற்கலாம். கொஞ்சம் யோசித்தால் இது நம் சரிகம. ஆதார ஷட்ஜத்தை எங்கே வைத்தாலும் மற்ற சுரங்கள் அதிலிருந்து அளந்து நிற்கும் என்பது நாதஸ்வரக்காரர் வீட்டுப் பையனுக்கும் பஜனை மடத்துக்குப் போகிறவருக்கும் தெரிந்த சங்கதி. பியானோவும் ஆர்கனும் வாங்க வழியில்லாத ஊரில், கரும்பலகையும் சாக்குக்கட்டியும் போதும் ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் பேஸுக்கும் அவரவர் வரியைச் சொல்லிக்கொடுக்க. நெல்லைத் திருச்சபைகளில் ‘பார்ட்ஸ்’ பாடுவது வேரூன்றியதற்கு இந்தப் பொருத்தமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு சறுக்கலுக்கு இடம் இருக்கிறது. மெஞ்ஞானபுரத்தை உருவாக்கி, 192 அடிக் கோபுரத்தோடு கோயில் எழுப்பிய ஜான் தாமஸ் வேல்ஸ் நாட்டுக்காரர். வேல்ஸ் என்றாலே சுரங்கத் தொழிலாளிகளின் நான்கு குரல் பாட்டு நினைவுக்கு வரும். ஆக, அவர்தான் அதைத் தேரிக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால் ஆண்டுகள் இடிக்கின்றன. வேல்ஸ் சபைகளில் மக்கள் எல்லாரும் குரல் பிரித்துப் பாடும் இயக்கம் சூடு பிடித்தது 1859இல் யேவான் குவில்ட் என்ற புனைபெயர்க்காரர் தம் மெட்டுத் தொகுப்பை வெளியிட்ட பிறகுதான். ஜான் தாமஸ் 1830களிலேயே இந்தியா வந்துவிட்டார், 1870இல் இங்கேயே இறந்தார். அவர் பிறந்த ஊரில் கேட்டு வளர்ந்தது பின்னாளின் புகழ்பெற்ற வேல்ஸ் பாட்டாக இருந்திருக்க முடியாது. இந்த இடறலே ஒரு சான்றாகவும் ஆகிறது. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிக்கு ஹார்மனி ரத்தத்தில் ஓடியது, நமக்கு ஓடவில்லை என்று சொல்ல முடியாது. அவரும் மாலை வகுப்பில் உட்கார்ந்து சோல்ஃபா படித்துத்தான் அதைப் பெற்றார். தேரிக்காட்டுப் பனையேறியின் மகனுக்கும் அவருக்கும் இந்தக் கல்வியில் முன்பின் அதிகம் இல்லை.

இனி வேலிக்கு அப்பால். இதே ஊர்களில் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை நடந்தது. கொடைக்கு வில்லுப்பாட்டு வேண்டும். வில்லின் நாணில் வீசுகோல் விழும். கழுத்தில் வில் கட்டிய மண் குடத்தின் வாயைப் பனைமட்டை அடிக்கும். உடுக்கையும் தாளமும் கட்டையும் சேரும். புலவர் ஒரு அடி பாடி முடிக்குமுன் பின்பாட்டுக்காரர்கள் அதன் வாலைப் பிடித்து மேலே கொண்டுபோவார்கள். கணியான் கூத்திலும் அண்ணாவியின் குரலும் பின்பாட்டின் குரலும் இப்படித்தான் ஒன்றையொன்று மேவும். இதை நான் ஹார்மனி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பது, இரண்டு குரல் ஒரு கணம் ஒன்றின்மேல் ஒன்று படிவது, குடத்தின் அடிநாதம் இடைவிடாமல் நிற்பது என்று பல குரல் பாட்டுக்கு வேண்டிய விதைகள் இதில் கிடக்கின்றன. இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்த கால்டுவெல் இதைக் கேட்டிருக்கிறார். பனையேறும் மக்களைப் பற்றி 1849இல் அவர் வெளியிட்ட நூல் பின்னாளில் அந்தச் சமூகத்தின் கடும் எதிர்ப்பைச் சம்பாதித்தது. மணிகள் கட்டிய அந்த வில்லையும் அது அமரும் குடத்தையும் அதில் அவர் வருணிக்கிறார், ஆனால் இசையாக அல்ல. அவர் எழுதியது பேய் வழிபாட்டைப் பற்றி, வில் அந்த வழிபாட்டின் சாமான்களில் ஒன்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய காது, தன் வீட்டுத் திண்ணை வரை வந்த பாட்டின் இலக்கணத்தைக் கேட்க மறுத்தது வருத்தந்தான். மதம் மாறியவருக்கோ இந்த மறுப்பு இன்னும் கூர்மையானது. கொடைக்குப் போகாமல் இருப்பதே அவர் புது விசுவாசத்துக்கு முதல் அடையாளம். கொடைப் பாட்டைக் கோயிலுக்குள் கொண்டுவரும் பேச்சுக்கே இடமில்லை.

வெள்ளைக்கார மெட்டு வேண்டாம், நம் இசையில் பாடுவோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், வலுவாகவே இருந்தார்கள். பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சையில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், இராகம் தாளம் அமைத்துக் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைக் குவித்தார். குறவஞ்சி, நொண்டி நாடகம் போன்ற மக்கள் வடிவங்களையும் அவர் தொட்டார். பெத்லகேம் குறவஞ்சி அப்படி வந்தது. மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் இந்தக் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் அச்சிட்ட பிறகு அவை ஊர் ஊராகப் பரவின. கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தேவாரத்தின் சாயலில் பாடினார். ஆக, சபைக்குள் இரண்டு இசை நிலைத்தது. ஒன்று ஞானப்பாட்டுகளின் பாமாலை, நான்கு குரலில், ஆர்கனோடு. மற்றொன்று கீர்த்தனை, ஒரே குரலில், தாளத்தோடு. இரண்டும் மேலிருந்து வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று ஆட்சியாளரின் மதிப்பைச் சுமந்தது, மற்றது அரண்மனையும் அக்ரகாரமும் தந்த மதிப்பைச் சுமந்தது. பனையடியில் பிறந்த பாட்டுக்கு இந்த இரண்டு வாசலிலும் இடம் இல்லை. பண்டிகை இரவில் பந்தலில் சுவிசேஷ வில்லுப்பாட்டு நடப்பது உண்டு, நெல்லையில் அதற்கு நல்ல வரவேற்பும் உண்டு. ஆனால் அது கதை சொல்லும் சாதனமாகப் பந்தலோடு நின்றது, அங்கி உடுத்திய பாடகர் குழுவின் வரிசைக்கு வரவில்லை. நாட்டார் மெட்டு வழிபாட்டுக்கு ஆகாது என்று சொன்னவர்களுக்கு ஒரு செய்தி. பெரிய வெள்ளிக்கிழமை அன்று நெல்லைக் கோயில்களில் நெஞ்சுருகப் பாடப்படும் முட்கிரீட ஞானப்பாட்டின் மெட்டு, ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் மெட்டு. ஒரு பெண்ணை நினைத்து மனம் கலங்கியவன் பாடியதைச் சிலுவைக்கு எடுத்துக்கொள்ள முடியும் என்றால், நாற்று நட்டவள் பாடியதை ஏன் எடுக்கக் கூடாது?

இதற்கு இசைவாணர்கள் ஒரு தடை சொல்வார்கள். நம் இசை இராகத்தில் வாழ்கிறது, இராகம் கமகத்தில் வாழ்கிறது, கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்காது, நிற்காத சுரத்தின்மேல் இன்னொரு சுரத்தை அடுக்க முடியாது. தோடியைப் பொறுத்தவரை இது முழுக்கச் சரி. தோடியை நான்கு குரலில் பிரித்தால் கிடைப்பது தோடியாக இருக்காது. ஆர்மோனியத்தின் அசையாத கட்டைகள் நம் சுரங்களைக் கெடுக்கின்றன என்ற இதே கவலைதான் 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கியதற்குப் பின்னாலும் இருந்தது. ஆனால் இந்த வாதம் சபா இசையை வைத்துச் செய்யப்பட்டது. கும்மியும் நடவுப் பாட்டும் தாலாட்டும் பெரும்பாலும் ஐந்தாறு சுரத்துக்குள் முடிகின்றன. சுரங்கள் நின்று ஒலிக்கின்றன, அடி திரும்பத் திரும்ப வருகிறது, அசைவு தாளத்தில் இருக்கிறதே தவிர சுரத்தில் அதிகம் இல்லை. அடுக்குவதற்கு இதைவிட வாகான பாட்டு கிடையாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாமாலையில் பழகிய கை, கும்மியின் கீழேயும் அதே மூன்று ஐரோப்பியக் கார்டுகளைப் போட்டு அதை இன்னொரு ஞானப்பாட்டாக்கிவிடும் ஆபத்து நிஜமானது. நாதஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பதைப் போல ஒரு குரல் ஆதாரத்தில் நிற்க, இன்னொன்று பஞ்சமத்தை ஒட்டி நடக்க, பின்பாட்டு அடியின் வாலைப் பிடிக்க என்று நம் பழக்கத்திலிருந்தே அடுக்கைத் தேடினால்தான் அது தேறும். தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்து 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் சுருதிக் கணக்குக்குக் காட்டிய பொறுமையில் கொஞ்சம் இதற்கும் வேண்டும்.

அடுத்த தடை அரசியல் சார்ந்தது. ஹார்மனி துப்பாக்கியோடும் பைபிளோடும் வந்தது, அதை நாட்டார் பாட்டின் தலையில் கட்டுவது இரண்டாவது காலனியம் அல்லவா என்பது. வந்த வழியைப் பற்றிச் சொன்ன பாதி உண்மைதான். ஆனால் பல குரல் பாட்டு ஐரோப்பியக் கோயிலின் கண்டுபிடிப்பு என்பது பொய். யுனெஸ்கோ 2001இல் தலைசிறந்த மரபாக அறிவித்த ஜார்ஜியப் பல குரல் பாட்டு உழவர் வயலிலும் விருந்திலும் வளர்ந்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நாகாலாந்தின் ஃபேக் மாவட்டத்தில் மலைச்சரிவு வயல்களில் வேலை செய்கிறவர்கள் ‘லி’ என்ற பாடல்களைக் குரல் பிரித்துப் பாடுகிறார்கள். அனுஷ்கா மீனாட்சியும் ஈஸ்வர் ஸ்ரீகுமாரும் அதை 2017இல் ஆவணப்படமாக எடுத்திருக்கிறார்கள். உழுகிறவர் ஒரு பக்கம் எடுக்க, எதிர்வரிசை வேறொரு குரலில் ஏற்கிறது. அங்கே கோல் பிடித்து நடத்துகிறவர் யாரும் இல்லை. இது ஒன்று. கடன் வாங்கிய கருவியைக் கடன் பொருளாகவே வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டானிக் சோல்ஃபா தென்னாப்பிரிக்க மிஷன் பள்ளிகளுக்கும் போயிற்று. அங்கே ஏனோக் சொந்தோங்கா என்ற பள்ளி ஆசிரியர் 1897இல் அந்த முறையில் எழுதிய ஞானப்பாட்டு, பின்னாளில் ஒரு விடுதலை இயக்கத்தின் கீதமாகி, இன்று அந்நாட்டுத் தேசிய கீதத்தின் ஒரு பகுதியாக நிற்கிறது. அங்கே கறுப்பின மக்கள் தங்கள் மொழியின் ஏற்ற இறக்கத்தையும் தங்கள் கூட்டுப்பாட்டின் அழைப்பு விடையையும் சோல்ஃபாவுக்குள் கொண்டுவந்தார்கள். நெல்லையிலும் அதே கருவிதான் இருந்தது. கொண்டுவந்திருக்க வேண்டிய பாட்டை வேலிக்கு அப்பால் விட்டதுதான் வித்தியாசம்.

அந்தப் பாட்டை மதித்துச் சேகரித்தவர்கள் பிறகு இதே பழைய நெல்லை மாவட்டத்தில் தோன்றினார்கள். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை 1960களில் தொடங்கி நாட்டார் பாடல்களையும் முத்துப்பட்டன் கதை போன்ற கதைப்பாடல்களையும் தொகுத்து அச்சேற்றினார். தமிழ் நாட்டார் ஆய்வுக்கு அது அடித்தளம், ஐயமில்லை. ஆனால் அச்சில் வந்தது சொல் மட்டும். மெட்டு பாடினவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இங்கிலாந்தில் நடந்ததை இதோடு ஒப்பிட்டால் இழப்பு தெரியும். அங்கே வான் வில்லியம்ஸ் ஊர் ஊராகப் போய்க் குடியானவர்கள் பாடியதைச் சுரத்தோடு எழுதிக்கொண்டார். 1906இல் அவர் இசைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த ஞானப்பாட்டுத் தொகுப்பில் அந்த மெட்டுகளையே சேர்த்தார். அப்படி ஆங்கிலச் சிற்றூர் மெட்டு திருச்சபை வழியாக உலகம் சுற்றப் புறப்பட்டது. நம் பக்கம் மெட்டைச் சுரத்தில் எழுதத் தெரிந்தவர்கள் பாடகர் குழுவில் இருந்தார்கள், பாட்டைத் தேடி நடந்தவர்கள் மார்க்சிய வாசகர் வட்டத்தில் இருந்தார்கள். பாளையங்கோட்டை என்ற ஒரே ஊரில் இரு சாராரும் இருந்தும் கைகோக்கவில்லை. இந்தச் சேர்க்கை கடைசியில் சென்னையில் நடந்தது. இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்து, ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்த எம்.பி. ஸ்ரீனிவாசன் 1970களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நடத்தினார். தொழில்முறைப் பாடகர் அல்லாத இளைஞர்கள். பாரதி பாட்டு, தாகூர் பாட்டு, பல மாநிலத்து நாட்டார் பாட்டு. குரல் பிரித்த அமைப்பு. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன வகைக் குழுவுக்குத் தமிழ்நாட்டில் நான் அறிந்த மிக நெருங்கிய உதாரணம் இதுதான். பள்ளிகளில் கூட்டாகப் பாட வைக்கும் முயற்சியில் 1988இல் இறக்கும்வரை அவர் ஈடுபட்டிருந்தார். திருச்சபைக்கு உள்ளேயிருந்து வேலியைப் பிரித்தவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் ஜே. தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’. கீர்த்தனையின் மேட்டிமையையும் பாமாலையின் அந்நியத்தையும் ஒருசேரக் கேள்வி கேட்டு, கிராமிய இசையிலேயே ஒரு முழு வழிபாட்டை அமைத்தார். 2005இல் அவர் இறந்தார். நெல்லைப் பாடகர் குழுக்கள் அவரைப் போதிய அளவு எடுத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கே வலுவாகப் படும் மறுப்பு ஒன்று உண்டு. நாட்டார் பாட்டு அதன் இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது. கொடையில் நள்ளிரவில் சாமி வரவேண்டிய நேரத்துக்கு வரவேண்டிய பாட்டை, டிசம்பர் மாத மேடையில் வெள்ளைச் சட்டை போட்டு நான்கு குரலில் பாடினால் அது என்ன? வெறும் காட்சிப்பொருள்தான். சாமியை வரவழைக்கும் பாட்டை வில்லடிக்கும் புலவரிடமே விட்டுவிடுவது மரியாதை. அது ஒருவருக்குத் தொழிலும் கூட. கன்னியாகுமரிப் பக்கத்துப் பூங்கனி அம்மாள் போன்றவர்கள் வாழ்நாளெல்லாம் அதில் உழைத்தும் முதுமையில் வறுமைப்பட்டதை நாடறியும். அவர்கள் பாட்டை எடுத்து மேடையேற்றிக் கைதட்டு வாங்குவதில் நியாயமில்லை. ஆனால் வேலைப் பாட்டுகளின் நிலை வேறு. நடவு எந்திரம் வந்த வயலில் நடவுப் பாட்டுக்கு வேலை இல்லை. கிணற்றில் மோட்டார் இறங்கிய நாளோடு ஏற்றப்பாட்டு போயிற்று. பனையேற்றம் குறைந்து, கருப்பட்டிக் கொப்பரையைச் சுற்றி நிற்க ஆளில்லை. இவற்றுக்குத் திரும்பிப் போக இடமே கிடையாது, ஆகவே இடத்தை விட்டுப் பிரிப்பதாகச் சொல்லவும் முடியாது. கும்மி ஒன்றுதான் பள்ளி விழாக்களில் ஒலிப்பெட்டிப் பாட்டுக்கு ஆடும் ஆட்டமாக மிஞ்சியிருக்கிறது. பாடுகிறவளும் ஆடுகிறவளும் ஒருத்தியாக இருந்த கலை அது.

மெட்டை எழுதிவைக்காத குறையை இன்னும் கொஞ்சம் ஈடு செய்யலாம். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் ஆய்வு மையமும் பல ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் களப்பணி செய்து ஒலிப்பதிவுகளைச் சேர்த்திருக்கின்றன. பாடத் தெரிந்த பாட்டிமார் சிலரும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம், சோல்ஃபா படித்த டெனரும் பேஸும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு அக்டோபரிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. எந்தப் பாட்டை முதலில் எடுப்பது என்று கேட்டால், நான் தாலாட்டை எடுக்கச் சொல்வேன். எல்லாச் சாதியிலும் எல்லாச் சமயத்திலும் அது உண்டு, எந்தச் சாமிக்கும் கோபம் வராது. கீபோர்டு வேண்டாம், ஒரு குரல் ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆர்கனிஸ்டுகள் இதற்குச் சம்மதிப்பார்களா என்பது வேறு.